அம்மையார் பெயர் சொன்னால் போதுமா?

தாம்பரத்திலும் பல்லாவரத்திலும், குரோம்பேட்டையிலும் பம்மலிலும், உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களிலே ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி பிறந்ததும், கூடவே ஒரு கேள்வியும் பிறக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பெயர் கொடுத்தாயிற்றா என்பதுதான் அந்தக் கேள்வி. மாமியார் கேட்கிறார், அண்டை வீட்டார் கேட்கிறார், ஆலையிலே உடன் வேலை செய்யும் தோழர் கேட்கிறார். எத்தனை ரூபாய், எப்போது கிடைக்கும், வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கவேண்டும் என்றெல்லாம் விவரம் பேசுகிறார்கள். பேசட்டும், ஏழை வீட்டுக்கு வரும் பணத்தைப் பற்றி ஏழை பேசுவதிலே தவறென்ன?

ஆனால் தோழர்களே, அந்தப் பெயருக்குரியவர் யார், பிள்ளைப்பேற்றுக்கான உதவிக்கு அவர் பெயரைச் சூட்டியது ஏன் என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? பெயரை அறிந்தோம், பெருமையை அறிந்தோமா? பணத்தை அறிந்தோம், பணத்தின் பின்னால் இருக்கும் பாடத்தை அறிந்தோமா?

1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையிலே பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி அய்யர், மன்னர் கல்லூரியின் தலைவர். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமைக்கு ஆளான குலத்திலே தோன்றியவர். தாயின் குலத்தைக் காட்டித் தலைகுனியச் சொன்னது ஊர். தலைகுனிய மறுத்தார் மகள். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, அடுப்பூத வேண்டியவளுக்கு ஏடு எதற்கு என்று கேட்ட காலம் அது. கல்லூரியிலே அவரைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. ஆண்பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று கூச்சலிட்டனர். புதுக்கோட்டை மன்னர் அந்தக் கூச்சலைப் பொருட்படுத்தாமல் இடம் தந்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த முதல் மாணவி ஆனார் முத்துலட்சுமி.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் பட்டம் பெற்றுத் தேறினார். தேறியதும் அவர் காலூன்றிய இடம் எது? அரசாங்க மகப்பேறு மருத்துவமனை! அங்கே ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றிய முதல் பெண்மணி அவரே. 1844-இல் தொடங்கப்பட்டு, பின்னர் எழும்பூருக்கு இடம் மாறி, இன்றளவும் ஏழைத் தாய்மாரின் தாய்வீடாக இருந்துவரும் மருத்துவமனை அது.

அன்று பெண்கள் மருத்துவமனைக்கு எப்போது வந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். வலி எடுத்து, ஒரு நாளாகி, இரண்டு நாளாகி, வீட்டிலே செய்த கைவைத்தியமெல்லாம் தோற்று, இனி ஆகாது என்ற பிறகு வண்டி கட்டினார்கள். ஆண் மருத்துவர் பார்ப்பதா என்ற கூச்சம் ஒருபுறம். மருத்துவமனைக்குப் போனால் பிணமாகத்தான் திரும்புவார்கள் என்ற அச்சம் மறுபுறம். காலம் கடந்து வந்ததால் பலர் மாண்டனர்; மாண்டதைக் கண்டு மற்றவர்கள் மேலும் காலம் கடத்தினர். இந்த நச்சு வட்டத்தை உடைக்கப் பெண் மருத்துவர் வேண்டும். அதைவிட, பெண் முன்கூட்டியே வரவும் வேண்டும்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் பணிக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்னதாகவே உறுதி பெற்றுக்கொண்டு செய்துகொண்ட திருமணம் அது. இரு ஆண்மக்களுக்குத் தாயானார். பிள்ளை பெற்றவர், பிள்ளைப்பேறு பார்த்தவர், இரண்டு வகையிலும் தாய்மையை அறிந்தவர் அம்மையார்.

1923-இல் அவர் குடும்பத்திலே ஒரு பேரிடி விழுந்தது. தங்கை புற்றுநோயால் மாண்டார். முதலில் சீதபேதி என்றே எண்ணி மருந்து கொடுத்தார்கள். உண்மை வெளிப்பட்டபோது நோய் முற்றிவிட்டிருந்தது. வீட்டிலே மருத்துவர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை! அந்தத் துயரத்திலே அம்மையார் கற்ற பாடம் ஒன்று உண்டு. முந்திக் கண்டால் மருந்துக்கு வேலை உண்டு. பிந்திக் கண்டால் கண்ணீருக்குத்தான் வேலை. 1925-இல் இங்கிலாந்து சென்று மாதர், குழந்தைகள் நோய்களைப் பற்றிச் சிறப்பாகப் பயின்றார்.

மருத்துவத்தோடு நின்றாரா? இல்லை. 1926-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவிலே சட்டமன்றம் கண்ட முதல் பெண் என்று வரலாறு அவரைக் குறித்துக்கொண்டது. 1927-இல் அம்மன்றத்தின் துணைத்தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். நாற்காலியை அலங்கரிக்கவா போனார்? பிள்ளைப்பேற்று அறையிலே தாம் கண்ட கொடுமைகளின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போனார்.

பன்னிரண்டு வயதிலே தாலி, பதினான்கு வயதிலே தொட்டில் என்றிருந்த நாட்டிலே, எலும்பு முற்றாத சிறுமி பிள்ளை பெறத் துடித்துச் சாவது விதியா? மடமையின் விளைவல்லவா? பெண்ணின் திருமண வயது 16 ஆகவும் ஆணின் வயது 21 ஆகவும் உயரவேண்டும் என்று மன்றத்திலே தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல் நாடு முழுமைக்கும் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றுதான் வரம்பு கட்டியது. 18 என்ற நிலையை எட்ட 1978 வரை நாடு காத்திருந்தது. அம்மையார் எத்தனை தொலைவு முன்னே நின்று பேசினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாதருக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை வேண்டும் என்றார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடுத்த போர் தமிழகம் அறிந்தது. புனிதம் என்றும் கலை என்றும் சாத்திரம் என்றும் சாக்குச் சொன்னவர்களை நேருக்கு நேர் நின்று எதிர்த்தார். அந்த விதை 1947-இல் சட்டமாக முளைத்தது. காந்தியார் சிறைப்பட்டபோது, 1930-இல், பதவியைத் துறந்து வெளியேறினார். அடைக்கலம் கேட்டு வந்த பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்டார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 12 படுக்கைகளோடு தொடங்கிய சிறு குடில் அது. இன்று நாடறிந்த நிலையமாக ஓங்கி நிற்கிறது. தங்கையின் சாவுக்கு அழுது முடித்துவிடாமல், ஊரார் தங்கைகளைக் காக்க ஒரு மாளிகை எழுப்பினார்! 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் மறைந்தார்.

இத்தகைய பெருமாட்டியின் பெயரைத்தான் 1980-களின் பிற்பகுதியில் தமிழக அரசு ஏழைத் தாய்மாருக்கான மகப்பேறு உதவித் திட்டத்துக்குச் சூட்டியது. முந்நூறு ரூபாயில் தொடங்கிய உதவி, 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாயாகவும் வளர்ந்தது.

அந்தப் பணத்தைக் கொடுக்க வகுத்த நிபந்தனையைக் கவனியுங்கள். கர்ப்பத்தின் 12 வாரங்கள் முடிவதற்குள் செவிலியரிடம் பதிவு செய்யவேண்டும் என்கிறார்கள். ஏன் 12 வாரம்? அலுவலகத்துக்காரர் எழுதிவைத்த வெற்று விதியா? அல்ல, அல்ல! குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் இதயமும் கைகால்களும் வடிவெடுப்பது அந்த முதல் 12 வாரங்களிலேதான். அப்போது தாய்க்குப் போலிக் அமில மாத்திரை வேண்டும். இரத்தத்தின் வகை என்ன, இரும்புச்சத்து எவ்வளவு, சர்க்கரை உண்டா, மறைந்திருக்கும் தொற்று உண்டா என்று பார்க்கவேண்டும். முதலிலேயே இரத்த அழுத்தத்தைக் குறித்துவைத்தால்தான் ஏழாம் மாதத்தில் அது ஏறும்போது ஏறியது என்று தெரியும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரையிலும் கீரையிலும் சரிசெய்யலாம். பிரசவ நாளன்று தெரிந்தால் இரத்தம் தேடி ஓடவேண்டும். புற்றுநோயிலே அம்மையார் கற்ற பாடமும் இதுவேதான். முந்திக் காண்! முந்திக் கா!

ஆனால் நம் வீடுகளிலே என்ன நடக்கிறது? மூன்று மாதம் முடியட்டும், அதுவரை வெளியே சொல்லாதே, கண்பட்டுவிடும் என்கிறார்கள். தலைச்சன் பிள்ளையாயிற்றே என்ற ஆசையிலே, அச்சத்திலே, வாயை மூடிக்கொள்கிறார்கள். ஊராரிடம் சொல்லவேண்டாம், சரி. செவிலியரிடமும் சொல்லாமல் இருந்தால்? எந்த மூன்று மாதத்திலே பார்த்தாகவேண்டுமோ அந்த மூன்று மாதத்தையே மூடி மறைத்துவிட்டு, நான்காம் மாதத்திலே வளைகாப்புக்கு நாள் பார்த்து என்ன பயன்? கண்ணேறு யாரையும் கொன்றதில்லை. கவனிக்காத இரத்தசோகை கொன்றிருக்கிறது, கவனிக்காத இரத்த அழுத்தம் கொன்றிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் நம் வட்டாரத்துக்கு உண்டு. தாம்பரமும் சுற்றுப்புறமும் பிழைக்க வந்தவர்களின் ஊர். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் உழைப்பாளர்கள் வந்து குடியேறிய வண்ணம் இருக்கிறார்கள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். மதுரைக்கோ விழுப்புரத்துக்கோ போகப்போகிறவள் இங்கே எதற்குப் பதிவு செய்யவேண்டும் என்று எண்ணிக் காலத்தைக் கடத்துகிறார்கள். இது தவறு. இருக்கும் இடத்திலேயே பதிவு செய்யலாம். தருகின்ற எண்ணும் தாய்சேய் நல அட்டையும் தாயோடு எந்த ஊருக்கும் போகும். அங்கே உள்ள மருத்துவர் அட்டையைப் புரட்டினால் இங்கே நடந்ததெல்லாம் தெரியும்.

நாள் தள்ளிப்போனால் செய்யவேண்டியது இதுதான். கடைசியாக வீட்டுக்கு விலக்கான முதல் நாளை நினைவில் குறித்துக்கொண்டு, தம் பகுதிக்குரிய நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும். அங்குள்ள செவிலியர் பதிவு செய்வார். ஆதார் அட்டையும் பெண்ணின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகமும் கையிலிருந்தால் அலைச்சல் மிஞ்சும். பிறகு சொன்ன நாட்களில் தவறாது போகவேண்டும். குறைந்தது எட்டு முறையாவது தாயைப் பார்க்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வகுத்தது. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், பகுத்தறிவுப்படி அது இழிவு. இரத்தப்போக்கு, நீர் கசிவு, தீராத் தலைவலி, கண் மங்கல், முக வீக்கம், குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

உழைக்கும் ஆண் தோழர்களுக்குத் தனியே ஒரு சொல். இதெல்லாம் பெண்கள் பாடு என்று ஒதுங்காதீர்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை உங்களிடம் இருந்தால், உங்கள் மனைவிக்கும் அதில் மருத்துவம் உண்டு. அது உங்கள் கூலியிலே பிடித்த பணத்தால் வந்த உரிமை. மனைவி ஏற்றுமதி மண்டலத்திலே தையல் இயந்திரத்தின் முன் அமர்பவரா? பிரசவ விடுமுறைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1934-இல் வந்தது, நாட்டுக்கு 1961-இல் வந்தது. 2017-இல் முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரம் என உயர்ந்தது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்குவது சட்ட விரோதம். போராடிப் பெற்ற உரிமைகள் இவை; தெரியாமல் இழக்கலாமா? முதல் சோதனைக்கு ஒருநாள் கூலி போகும். போகட்டும்! அந்த ஒருநாள் கூலி மிச்சமாகி, இரண்டு உயிர் நட்டமானால் கணக்கு நேராகுமா?

ஒவ்வொரு தெருவிலும் நம் தோழர்கள் இருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலிலே விட்டுப்போன பெயரைத் தேடிச் சேர்க்கத் தெரிந்தவர்கள், செவிலியரின் பதிவேட்டிலே விட்டுப்போன பெயரைச் சேர்க்க முடியாதா? புதிதாய்க் குடிவந்த இளந்தம்பதியிடம், உங்கள் வீட்டுத் தாய்மாரையும் தமக்கையரையும் அனுப்பிப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நிலையம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். முதல் நாள் கூடப் போகத் துணை இல்லை என்றால் துணையாகப் போகச் சொல்லுங்கள்.

2018 முதல் 2020 வரையிலான கணக்கிலே, ஒரு இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு நாடு முழுவதும் 97 தாய்மார் மாண்டனர். தமிழகத்திலே 54 பேர். நாட்டைவிட நாம் மேல் என்று மார்தட்டலாம். ஆனால் அந்த 54 வீடுகளிலே போய் மார்தட்ட முடியுமா? அம்மையாருக்குச் சிலை உண்டு, திட்டம் உண்டு, விழா உண்டு. அவர் பெயரால் வரும் பணத்தை வாங்கிக்கொண்டு அவர் கற்றுத்தந்த பாடத்தை விட்டுவிட்டால், பெயரைத்தான் போற்றினோம், பெருமாட்டியைப் போற்றவில்லை. 12 வாரத்துக்குள் உங்கள் தெருவிலே ஒரு பெண் பதிவு செய்யும்படி பாருங்கள், தோழர்களே! அம்மையாருக்கு அதுவே உண்மையான மாலை.