தேவனாம்பட்டினத்தில் ஒரு குடித்தனம்

ராபர்ட் கிளைவ் என்றதும் ஆர்க்காட்டு முற்றுகையும் பிளாசிப் போரும் நம் நினைவுக்கு வருகின்றன. பாடநூல்கள் அவரைப் படைத்தலைவராகவும் வங்கத்தின் செல்வத்தை வாரிச் சென்றவராகவும் காட்டுகின்றன. அவர் ஓர் இளம் கணவர், குழந்தைகளின் தந்தை என்பதை வரலாறு அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை. ஆனால், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டில் நேர்ந்தவற்றைப் புரிந்துகொள்ள அந்தக் குடும்பத்தின் வரவு செலவையும் நாம் படித்தாக வேண்டும்.

1725-இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் பிறந்த கிளைவ், 1744-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். எழுத்தருக்குக் கம்பெனி கொடுத்த அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 5 பவுண்ட். அந்தத் தொகையில் எவரும் வாழ முடியாது என்பது கம்பெனிக்கும் தெரியும். ஊழியர்கள் தனிப்பட்ட வணிகம் செய்துகொள்ள இசைவளித்ததன் மூலம் அந்தக் குறையை அது ஈடுசெய்தது. குறைந்த சம்பளமும் தடையற்ற தனி வருவாயும் சேர்ந்த இந்த ஏற்பாடுதான் கிளைவின் பிற்கால வாழ்க்கை முழுவதையும் வடிவமைத்தது.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றினர். கிளைவ் மாறுவேடத்தில் தப்பி, கெடிலம் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையை அடைந்தார். புதுச்சேரியிலிருந்து அது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. எழுதுகோலை விட்டுப் படையில் சேர்ந்தது அங்கேதான். 1748-இல் அட்மிரல் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது கிளைவும் அந்தப் படையில் இருந்தார். கோட்டைக்குள் ஆளுநர் துய்ப்ளெக்ஸும் அவருடைய மனைவி ழானும் இருந்தனர். நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையும் இருந்தார். பருவமழை நெருங்கவே, அக்டோபரில் ஆங்கிலேயர் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினர்.

அமைதி உடன்பாட்டுக்குப் பிறகு, படைகளுக்கு உணவும் பிற பொருள்களும் வழங்கும் பொறுப்பு கிளைவுக்குக் கிடைத்தது. அவருடைய முதல் செல்வத்துக்கு ஊற்று இந்தப் பதவியில் சேர்ந்த தரகுத் தொகையே. 1751-இல் ஆர்க்காட்டுக் கோட்டையை ஐம்பது நாட்கள் காத்ததும், மறு ஆண்டு திருச்சிராப்பள்ளிப் போரில் பங்கேற்றதும் புகழைத் தந்தன. ஆனால், போர் நீள நீளப் படைக்கு வேண்டிய அரிசியும் மாடுகளும் கூடின; அவற்றை வழங்குபவரின் கணக்கும் பெருகியது. போர் நடந்த வயல்களில் பயிரிட்டவர்களுக்கு அது எந்தக் கணக்கிலும் வரவாகவில்லை.

1753 பிப்ரவரி 18 அன்று சென்னை புனித மேரி தேவாலயத்தில் கிளைவின் திருமணம் நடைபெற்றது. மணமகனுக்கு வயது 27. மணமகள் மார்கரெட் மாஸ்கலினுக்கு 17. அவர் கிளைவின் நண்பர் எட்மண்ட் மாஸ்கலினின் தங்கை. முந்தைய ஆண்டுதான் சென்னைக்கு வந்திருந்தார். மற்றொரு சகோதரர் நெவில், பின்னாளில் இங்கிலாந்தின் அரச வானியலாளராக விளங்கியவர். திருமணத்தை நடத்திவைத்தவர், தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் தமிழ் அகராதிக்கும் பெயர்பெற்ற பெப்ரீசியுஸ் பாதிரியார் என்பது தமிழர்களுக்குச் சுவையான செய்தி.

புதுமணத் தம்பதி சென்னையில் குடித்தனம் தொடங்கவில்லை. அடுத்த மாதமே கப்பலேறினர். கிளைவின் உடல்நலம் குன்றியிருந்தது. கையில் ஏறத்தாழ 40,000 பவுண்ட் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. இங்கிலாந்தில் கழித்த விடுமுறையில் தந்தையின் கடன்களை அடைத்தார், பகட்டாக வாழ்ந்தார், 1754-இல் நாடாளுமன்றத் தேர்தலில் பெரும் பணத்தைச் செலவிட்டு வென்றார். மறு ஆண்டே அந்த வெற்றி செல்லாதென ஆக்கப்பட்டது. ஒரு படை அதிகாரியின் வாழ்நாள் சேமிப்பு என்று சொல்லத்தக்க தொகை இரண்டே ஆண்டுகளில் பெருமளவு கரைந்துபோயிற்று. மீண்டும் பொருளீட்ட வேண்டுமானால் இந்தியாவுக்குத்தான் திரும்ப வேண்டும். 1755-இல் கணவனும் மனைவியும் புறப்பட்டனர். விடுமுறைக் காலத்தில் பிறந்த எட்வர்ட், ரிச்சர்ட் என்ற இரு ஆண் குழந்தைகளையும் உறவினர் பொறுப்பில் விட்டுச் சென்றனர். ரிச்சர்டைப் பெற்றோர் பிறகு காணவில்லை, அக்குழந்தை இறந்துபோனது.

1756 ஜூனில் கிளைவ் புனித டேவிட் கோட்டையின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். தமிழ் மண்ணில் இந்த இணையர் சொந்தமாகக் குடித்தனம் நடத்த வாய்த்த இடம் இதுவே. பத்தாண்டுகளுக்கு முன் அகதியாக வந்து சேர்ந்த ஊருக்கு அவர் தலைவராக மீண்டிருந்தார். ஆனால், அந்தக் குடித்தனம் ஓரிரு மாதங்களே நீடித்தது. அதே ஜூனில் வங்க நவாப் சிராஜ் உத் தௌலா கல்கத்தாவைக் கைப்பற்றினார். செய்தி எட்டியதும் சென்னை நிர்வாகம் கிளைவை அழைத்தது. அக்டோபரில் அவர் வங்கத்துக்குக் கப்பலேற, மார்கரெட் சென்னையில் தங்கினார். திருமணமாகி நான்காண்டுகள் நிறைவதற்குள் அவர்கள் மாற்றிய இருப்பிடங்கள் எத்தனை!

அடுத்து நிகழ்ந்தவை அனைவரும் அறிந்தவை. 1757-இல் பிளாசியில் வென்றதும், மீர் ஜாபரிடமிருந்து கிளைவ் பெற்ற தொகை 2,34,000 பவுண்ட். பின்னர் கிடைத்த ஜாகீர், ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 பவுண்ட் தந்தது. ஓர் எழுத்தரின் ஆண்டுச் சம்பளத்தைப் போல் அது 5,400 மடங்கு. இந்தப் பணம் டச்சுக் கம்பெனியின் உண்டியல்கள் வழியாகவும் வைரங்களாகவும் ஐரோப்பாவுக்குச் சென்றது. அங்கே அது பண்ணைகளாகவும் மாளிகைகளாகவும் நாடாளுமன்ற இடங்களாகவும் மாறியது. ஈட்டிய இடத்தில் அதன் சிறு பங்குகூட முதலீடாகத் தங்கவில்லை. தாதாபாய் நௌரோஜி பிற்காலத்தில் செல்வ வடிகால் என்று விளக்கிய நிகழ்வின் தொடக்க வடிவத்தை ஒரு குடும்பத்தின் கணக்கிலேயே காண்கிறோம்.

இந்த இடத்தில் புதுச்சேரியின் தம்பதியை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. ழான் 1706-இல் புதுச்சேரியிலேயே பிறந்தவர். துய்ப்ளெக்ஸுடன் நடந்தது அவருக்கு இரண்டாம் திருமணம். அவர்களுக்கு இந்த ஊர் இருப்பிடமாகவே இருந்தது. அதனால் அவர்கள் ஆட்சி அறம் சார்ந்ததாகிவிடவில்லை. 1748 முற்றுகைக் காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், ழானின் பொருளாசையையும் ஆனந்தரங்கப் பிள்ளை மனவருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். ஆயினும் 1754-இல் பதவியிழந்து பிரான்சுக்குச் சென்ற துய்ப்ளெக்ஸ், போர்களுக்குத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டதாகக் கூறிக் கம்பெனியோடு வழக்காடினார். ழான் 1756-இல் பாரிசில் காலமானார். துய்ப்ளெக்ஸ் 1763-இல் வறுமையில் இறந்தார். ஒருவர் இங்கே செலவிட்டு அங்கே கடனாளியானார். மற்றவர் இங்கே ஈட்டி அங்கே செல்வரானார்.

ஊர்கள் கொடுத்த விலை வேறு. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் நகரையே தரைமட்டமாக்கினர். இன்று விடுமுறைக்கு வரும் இளம் இணையர் படமெடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர் மாளிகைகள் அந்த அழிவுக்குப் பிறகு எழுந்தவை. கடற்கரைச் சாலையின் தென்கோடியில் நிற்கும் துய்ப்ளெக்ஸ் சிலைக்கு அருகே சென்றாலும், அவர் வாழ்ந்த நகரைக் காண முடியாது.

கிளைவின் இல்லமும் நிம்மதி அடையவில்லை. 1764-இல் அவர் மூன்றாம் முறையாக இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, கருவுற்றிருந்த மார்கரெட் உடன் செல்ல இயலவில்லை. 1765-இல் வங்கத்தின் வரிவசூல் உரிமையான திவானியைக் கம்பெனிக்குப் பெற்றுத் தந்துவிட்டு, 1767-இல் நோயாளியாக வீடு திரும்பினார். 1769-70-இல் வங்கம் பெரும்பஞ்சத்தில் மடிந்தது. அதன் பின்னர், கிளைவின் செல்வம் வந்த வழியை நாடாளுமன்றம் விசாரித்தது. 1773-இல் தண்டனையின்றித் தப்பினார். 1774 நவம்பர் 22 அன்று லண்டன் பெர்க்லி சதுக்கத்து இல்லத்தில் 49-ஆம் வயதில் மறைந்தார். தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது பெரும்பாலோர் கருத்து. பெயர் பொறிக்காத கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். மார்கரெட் மேலும் 43 ஆண்டுகள் கைம்பெண்ணாக வாழ்ந்து 1817-இல் இறந்தார்.

இங்கிலாந்தில் விட்டுச் செல்லப்பட்ட குழந்தை எட்வர்ட், 1798-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், மருது சகோதரர்கள் வீழ்த்தப்பட்டதும், கர்நாடக நவாபின் ஆட்சி பறிக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். 1800-இல் அவருடைய மனைவி ஹென்றியட்டாவும் இரு மகள்களும் மைசூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தரங்கம்பாடி எனப் பல மாதங்கள் உலாச் சென்றனர். தாத்தா படையோடு கடந்த நாட்டைப் பேத்திகள் சுற்றுலாப் பயணிகளாகக் கண்டனர். அக்குடும்பம் திரட்டிய இந்தியப் பொருள்கள், திப்புவின் கூடாரம் உட்பட, இன்று வேல்சில் உள்ள பொவிஸ் மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு நாட்டை ஆள்பவர்கள் தங்கள் வீட்டை எங்கே கட்டுகிறார்கள், தங்கள் பிள்ளைகளை எங்கே வளர்க்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், அந்த ஆட்சியின் பொருளியல் பெருமளவு விளங்கிவிடும். தங்க நினைக்காதவர் வாய்க்கால் வெட்டுவதில்லை. இங்கே ஈட்டிய செல்வத்தை வெளிநாட்டில் சேர்த்து வைப்போர் மக்களாட்சியிலும் இல்லாமல் இல்லை. கிளைவைப் பழிப்பது எளிது. அவரை உருவாக்கிய ஏற்பாடு நம்மிடையே எந்த வடிவில் தொடர்கிறது என்று கண்டறிவதே நமக்குரிய பணி.