இம்பீடன்ஸ் என்ற சொல்லைத் தந்தவர்

காரின் கதவுக்குள் ஊஃபர், மேலே ட்வீட்டர், நடுவில் சொந்தமாக ஒரு பாஸிவ் கிராஸ்ஓவர் செய்யணும்னு நம்மில் பலருக்கும் ஆசை உண்டு. எளியதில் ஒரு காயிலும் ஒரு கப்பாசிட்டரும்தான். ஊஃபரோடு சீரியஸில் நிற்கும் காயில் ஹை பிரீக்வென்சியை மறிக்கும். ட்வீட்டரோடு நிற்கும் கப்பாசிட்டர் லோ பிரீக்வென்சியை மறிக்கும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர்களை 3,000 ஹெர்ட்ஸில் பிரிக்க, கணக்குப்படி 0.21 மில்லிஹென்றி காயில், 13.3 மைக்ரோஃபேரட் கப்பாசிட்டர் போதும்.

ஆனால் மீட்டரை வைத்துப் பாருங்க, 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் பெரும்பாலும் அதற்குக் குறைவாகத்தான் காட்டும். கடைக்காரர் ஏமாத்திட்டார்னு சண்டைக்குப் போயிடாதீங்க! மீட்டர் அளப்பது டி.சி. ரெசிஸ்டன்ஸ். லேபிளில் இருப்பது இம்பீடன்ஸ். அது பிரீக்வென்சிக்கு ஏற்ப மாறும். அந்தச் சொல்லையும் இன்டக்டன்ஸ் என்ற சொல்லையும் 1886-ல் உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குச் சரியாகக் காது கேட்காது.

1850 மே 18-ல் லண்டன் கேம்டன் டவுனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சல் காதைக் கெடுத்தது. 16 வயதோடு பள்ளி முடிந்தது. வீட்ஸ்டோன் பிரிட்ஜில் பெயர் வருகிறதே, அந்த சார்லஸ் வீட்ஸ்டோன் இவருக்குச் சித்தப்பா முறை. தந்தித் துறையில் வேலை கிடைத்து டென்மார்க்கிலும் பிறகு நியூகாசிலிலும் இருந்தார். 24 வயதில் அந்த வேலையையும் விட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை எந்த வேலைக்கும் போகவில்லை!

வீட்டில் உட்கார்ந்து மேக்ஸ்வெல்லின் புத்தகத்தைத் தானே படித்தார். நாம் பரீட்சைக்கு உருப்போடும் நான்கு மேக்ஸ்வெல் சமன்பாடுகள் இவர் சுருக்கித் தந்த வடிவம்தான். கல்லூரி வாசலை மிதிக்காதவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

அவர் வாழ்க்கையின் பெரிய சண்டை ஒரு காயிலைப் பற்றியதுதான். நீண்ட டெலிபோன் லைனில் பேச்சு குழம்பிப் போனது. பிரிட்டிஷ் தபால் துறையின் பெரிய பொறியாளர் வில்லியம் ப்ரீஸ், இன்டக்டன்ஸே பேச்சுக்கு எதிரி என்றார். ஹெவிசைடு 1887-ல் கணக்குப் போட்டு நேர் எதிராகச் சொன்னார்: ரெசிஸ்டன்ஸுக்கும் இன்டக்டன்ஸுக்கும் உள்ள விகிதம், லீக்கேஜுக்கும் கப்பாசிட்டன்ஸுக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமாக இருந்தால் பேச்சு உருக்குலையாது. கேபிளில் இன்டக்டன்ஸ் போதவில்லை, கூட்டுங்கள் என்பது அவர் வாதம். தபால் துறையில் இருந்த அண்ணன் ஆர்தரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையை ப்ரீஸ் வெளிவர விடவில்லை. பதவிக்கு முன்னால் கணக்கு தோற்றது, வேறென்ன சொல்ல?

கடைசியில் காயிலைப் போட்டவர்கள் அமெரிக்கர்கள். மைக்கேல் பூப்பின் 1900-ல் பேட்டன்ட் வாங்கி, ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்துக்கு நல்ல விலைக்கு விற்றார். ஹெவிசைடு பேட்டன்ட் எடுக்கவே இல்லை, காசு வரவில்லை.

அதே நிறுவனத்தில் ஜார்ஜ் கேம்பெல் என்பவரும் லைனில் காயில் வைத்துப் பார்த்தார். ஒரு பிரீக்வென்சிக்கு மேலே எதுவும் போகவில்லை. இதையே வேண்டுமென்று செய்தால்? அதுதான் ஃபில்டர்! 1917-ல் அவருக்குப் பேட்டன்ட் கிடைத்தது. நம் கிராஸ்ஓவரின் தாத்தா அந்த ஃபில்டர்தான். பிரீக்வென்சி ஏற ஏற, வாய்ஸ் காயிலின் இன்டக்டன்ஸால் ஊஃபரின் இம்பீடன்ஸும் ஏறும். மேலே போட்ட 4 ஓம்ஸ் கணக்கு 3,000 ஹெர்ட்ஸில் பொய்த்துப்போகும். அதைச் சரிக்கட்ட ஊஃபருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் சீரியஸில் வைக்கிறோமே, அதுக்குப் பெயர் தந்த ஓட்டோ சோபலும் ஏ.டி. அண்ட் டி. ஆள்தான்.

ஹெவிசைடுக்கு மரியாதை வரத்தான் செய்தது. 1891-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1922-ல் முதல் ஃபாரடே பதக்கம். நண்பர்கள் முயன்று 1896-ல் ஆண்டுக்கு 120 பவுண்டு அரசு பென்ஷன் வாங்கித் தந்தார்கள். ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு வானத்தில் இருக்கலாம் என 1902-ல் எழுதினார். 1924-ல் ஆப்பிள்டன் அதைச் சோதித்து நிரூபித்தார். அப்போது கிழவர் கடற்கரை ஊரான டார்க்கீயில் தனியாகக் கிடந்தார். 1925 பிப்ரவரி 3-ல் காலமானார். பக்கத்து ஊரான பெய்ன்டனில், தாய் தகப்பன் கிடந்த இடத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.