கொடைக்கானல் மலையில் ஒளியைப் பகுத்தவர்

காணாமற்போன கழுதைகளைத் தேடிப் புறப்பட்ட சவுலுக்கு இறைவன் அரச பதவியை வைத்திருந்தார் என்று சாமுவேல் முதல் நூல் கூறுகிறது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறு. நம் மதுரைப் பகுதியிலும் இதுபோன்ற ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தைப் பஞ்சங்கள் வாட்டின. சூரியனை ஆராய்ந்தால் பருவமழை பொய்ப்பதன் காரணம் விளங்கும் என்று அறிஞர்கள் நம்பினர். அந்த நம்பிக்கையில், அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த கொடைக்கானலில் 1899-இல் வான் ஆய்வகம் தொடங்கப்பட்டது.

1907-இல் அங்கு பணியேற்றவர் ஜான் எவர்ஷெட். இங்கிலாந்தில் 1864-இல் பிறந்த இவர், வேதிப்பொருள்களைச் சோதிக்கும் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் சூரியனை ஆராய்ந்தவர். கொடைக்கானலில் இவர் நிறமாலைப் பதிவுக் கருவி ஒன்றை அமைத்தார். தொலைநோக்கி தரும் ஒளி மெல்லிய பிளவு வழியே நுழையும். நுண்கோடுகள் கீறிய தட்டு அதை வானவில்போல் விரிக்கும். அதிலுள்ள கருங்கோடுகள் ஒளிப்படத்தில் பதியும். இத்தகைய கருவியில் பிளவைக் குறுக்கினால் கோடுகள் தெளியும், ஆனால் ஒளி குறையும். அகட்டினால் ஒளி மிகும், கோடுகள் மங்கும். சரியான அளவைக் காண மிகுந்த பொறுமை வேண்டும்.

1909 சனவரியில் எடுத்த படங்களில், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் கோடுகள் சற்றே விலகியிருந்தன. புள்ளிகளில் வாயு சுழல்கிறது என்று பலர் கருதிய காலம் அது. கோடுகளோ, வாயு புள்ளியிலிருந்து வெளிநோக்கி நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதைக் காட்டின. எவர்ஷெட் தாம் கண்டதை அப்படியே அறிவித்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது.

அவருடைய துணைவியார் மேரியும் வானியல் அறிஞரே. கத்தோலிக்கக் கவிஞர் தாந்தேயின் படைப்பிலுள்ள வானியலை ஆராய்ந்து 1914-இல் நூல் வெளியிட்டார். எவர்ஷெட் 1911 முதல் 1923 வரை ஆய்வகத்தின் இயக்குநராக இருந்து, 1956-இல் காலமானார்.

அன்பார்ந்தவர்களே, மழை ஏன் பொய்க்கிறது என்ற பசித்தவர்களின் கேள்விக்கு அவருடைய கருவி விடை தரவில்லை. ஆனால் அந்த மலையில் நூறாண்டுகளுக்கு மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்று உலகெங்கும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. நாம் கேட்ட வரம் கிடைக்காதபோது, நம் செபமும் உழைப்பும் வீணாயின என்று சோர்ந்துபோகிறோம். கிடைத்திருப்பதைக் கூர்ந்து பார்க்கிறோமா? எதிர்பாராத ஒளியையும் ஏற்கும் உள்ளத்தை இறைவனிடம் கேட்போம்.