எழுதாததுக்கு ஆஸ்கர், எழுதியதுக்கு? 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' கதையைத் தந்த பியர் பூல் யார்?

குதிரை மேல் கொரில்லாக்கள். கையில் துப்பாக்கி. உயிருக்குப் பயந்து வயல்காட்டில் சிதறி ஓடுவது மனிதர்கள்! 1968-இல் வெளியான 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தின் இந்த வேட்டைக் காட்சியைப் பார்த்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். 2024 வரை இந்த வரிசையில் படங்கள் வந்திருக்கின்றன. புரட்சி செய்யும் சிம்பன்சி 'சீசர்' இன்றைய தலைமுறைக்கும் பரிச்சயம்.

ஆனா, இதுக்கெல்லாம் விதை போட்டவர் ஹாலிவுட்காரர் இல்லை. இன்ஜினீயர், ரப்பர் எஸ்டேட் அதிகாரி, உளவாளி, கைதி என ஒரே வாழ்க்கையில் பல வேடம் போட்ட பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல். யார் இவர்?

ரப்பர் தோட்டத்து துரை

1912-இல் பிரான்ஸின் அவின்யோன் நகரில் பிறந்தவர் பூல். படித்தது இன்ஜினீயரிங். 1936-இல் வேலை தேடி அவர் போய்ச் சேர்ந்த இடம், அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவின் ரப்பர் தோட்டம்.

அந்தத் தோட்டங்களின் உலகம் நமக்குப் புதுசு இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தன. மேலே பங்களாவில் வெள்ளைக்கார துரை, கீழே லயத்தில் தொழிலாளி. இது என்றைக்குமே மாறாது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். பூல் இருந்தது துரைகளின் பக்கம்.

சொந்த நாட்டுக்காரர்களிடமே சிக்கியவர்

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1940-இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. சரணடைய மறுத்த 'சுதந்திர பிரான்ஸ்' அணியில் பூல் சிங்கப்பூரில் சேர்ந்தார். உளவாளிப் பயிற்சி கிடைத்தது. 'பீட்டர் ஜான் ரூல்' என்ற ஆங்கிலேயப் பெயரில் புது அடையாளமும் கிடைத்தது.

சீனா வழியாக, மூங்கில் தெப்பத்தில் ஆற்றோடு மிதந்து பிரெஞ்சு இந்தோசீனாவுக்குள் நுழைவதுதான் திட்டம். கேட்கவே சினிமா மாதிரி இருக்கு இல்லையா? ஆனா, கிளைமாக்ஸ் சொதப்பியது. அவரைப் பிடித்தது ஜப்பானியர்கள் இல்லை. ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி அரசுக்கு விசுவாசமான பிரெஞ்சு அதிகாரிகள்! சொந்த நாட்டுக்காரர்களே அவரைத் துரோகி என்று சொல்லி கடுங்காவல் தண்டனை கொடுத்தார்கள். 1944-இல்தான் தப்பிக்க முடிந்தது.

இதற்கிடையில், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. நேற்றுவரை ஆண்டவர்கள் ஒரே நாளில் கைதிகள் ஆனார்கள். அவர்களைக் கொண்டு சயாம்-பர்மா ரயில் பாதை போடப்பட்டது. அதில் இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000-க்கும் மேல். மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உட்பட, ஆசியத் தொழிலாளர்களின் உயிரிழப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம்.

எழுதாத திரைக்கதைக்கு ஆஸ்கர்

போர் முடிந்த பிறகு கொஞ்ச காலம் மறுபடியும் தோட்ட வேலை. அப்புறம் எல்லாவற்றையும் உதறிவிட்டு பாரிஸ் போய் எழுத உட்கார்ந்தார் பூல். அந்த ரயில் பாதையைப் பின்னணியாக வைத்து 1952-இல் வெளிவந்த நாவல்தான் 'குவாய் நதிப் பாலம்'. எதிரிக்காக உயிரைக் கொடுத்துப் பாலம் கட்டும் கர்னல் நிக்கல்சன் பாத்திரத்துக்கு, அவர் நேரில் பார்த்த பிரெஞ்சு அதிகாரிகள்தான் மாடல். ஆனால் நாவலும் படமும் பேசியது பிரிட்டிஷ் கைதிகளைப் பற்றி. தோட்டத் தமிழர்களின் கதைக்கு அதில் இடமில்லை.

1957-இல் படமாகி 7 ஆஸ்கர் விருதுகளை அள்ளியது. திரைக்கதைக்கான விருது பூலுக்கு. இதில்தான் ட்விஸ்ட்: அந்தத் திரைக்கதையை அவர் எழுதவே இல்லை! உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மேன், மைக்கேல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்ட் முத்திரை குத்தப்பட்டு ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். அதனால் பெயர் போட முடியவில்லை. ஆஸ்கர் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது 1980களில், இருவருமே இறந்த பிறகு.

சாட்டை எப்படிக் கைமாறியது?

மிருகக்காட்சி சாலையில் கொரில்லாக்களின் முகபாவங்கள் மனிதர்களைப் போலவே இருந்ததைக் கவனித்த பூலுக்கு ஒரு பொறி தட்டியது. 1963-இல் வந்தது 'குரங்குகளின் கிரகம்' நாவல்.

படத்தில் வருவது போல அணுகுண்டுப் போரால் இதில் மனித இனம் அழிவதில்லை. வீட்டு வேலைக்கு மனிதர்கள் பழக்கிய குரங்குகள், பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொள்கின்றன. மனிதர்களுக்கோ யோசிக்கவே சோம்பல். வீட்டை விட்டுக்கொடுக்கிறார்கள், பிறகு ஊரை. கடைசியில் அவர்களை அடக்க வரும் குரங்குகளின் கையில் துப்பாக்கிகூட இல்லை, சாட்டை மட்டும்தான்.

துரைகள் கைதிகளானதையும், அதிகாரிகள் சத்தமில்லாமல் பணிந்துபோனதையும் அருகில் இருந்து பார்த்தவர் எழுதிய கதை இது என்று தெரிந்த பிறகு படித்தால், குரங்குகளைவிட மனிதர்கள்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள்.

நாவலில் குரங்குகள் கார் ஓட்டும், ஹெலிகாப்டரில் பறக்கும். அவ்வளவு நவீன நகரத்தை செட் போட பட்ஜெட் இடம் தராததால் படத்தில் அது பழங்கால ஊரானது. சுதந்திர தேவி சிலை வரும் அந்தப் புகழ்பெற்ற கடைசிக் காட்சியும் நாவலில் கிடையாது. குரங்குகள் ஆயுதம் ஏந்திப் புரட்சி செய்வது 1972-இல் வந்த நான்காவது படத்தில்தான். இன்னொரு ஆச்சரியம், 1968 படத்தின் திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவர் அதே மைக்கேல் வில்சன். இந்த முறை அவர் பெயர் திரையில் வந்தது.

இரண்டாம் பாகத்துக்கு பூலே ஒரு திரைக்கதை எழுதிக் கொடுத்தார். ஸ்டூடியோ நிராகரித்துவிட்டது. எழுதாததுக்கு ஆஸ்கர் வாங்கியவர், நிஜமாகவே எழுதியது படமாகவில்லை!

கல்யாணம் செய்துகொள்ளாமல், பாரிஸில் சகோதரியின் குடும்பத்தோடு அமைதியாக வாழ்ந்த பூல், 1994 ஜனவரியில் 81 வயதில் காலமானார். குரங்குக் கதையைத் தன் சிறந்த படைப்புகளில் ஒன்றாக அவர் நினைத்ததே இல்லை. சீசரின் கதையைப் புதிதாகச் சொன்ன 2011 படத்தைப் பார்க்கவும் அவர் இல்லை. அடுத்த முறை இந்த வரிசையில் ஒரு படம் பார்க்கும்போது, டைட்டில் கார்டில் அவர் பெயரையும் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.