உயிலில் எழுதிய எண்ணெய்க் கடை பாக்கி!

திருச்செந்தூர் முருகனைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், வழியில் தூத்துக்குடியில் இறங்கி, பாகம்பிரியாள் சமேத சங்கரராமேஸ்வரரையும் வணங்கி வருவது உண்டு. கொற்கை முத்துக்குப் பேர்போன கடற்கரை அல்லவா இது! மாசு இல்லாத முத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அப்படியொரு மாசற்ற மனிதர் வாழ்ந்த மண்ணும் இதுதான். அவர்... வ.உ.சிதம்பரம் பிள்ளை!

கப்பலோட்டிய தமிழர், செக்கிழுத்த செம்மல் என்றெல்லாம் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருப்பீர்கள். அவருடைய நேர்மையைப் பற்றியும் அவசியம் சொல்லுங்கள்.

1872-ஆம் வருடம் செப்டம்பர் 5-ஆம் தேதி, ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார் வ.உ.சி. தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். தந்தையைப் போலவே வக்கீலான மகன், ஏழைகளுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடினார். சப் மாஜிஸ்திரேட்டுகள் மூவர் மீதான லஞ்சப் புகாரை நிரூபித்தும் காட்டினார். கோர்ட்டை நம்பிப் பிழைக்கும் ஒருவர், கோர்ட்டில் அமர்ந்திருப்பவர்களையே எதிர்ப்பது சாதாரண விஷயமா, என்ன?

1906-ல் சுதேசி கப்பல் கம்பெனியைத் துவக்கினார். மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஊரார் பணத்துக்குப் பொறுப்பேற்பது, மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்வது போல. சீட்டு பிடிக்கும் சகோதரிகளுக்கு இது நன்றாகவே தெரியும்! வீட்டில் மூத்த மகன் நோயுற்றிருந்த நிலையிலும், கப்பல் வாங்க பம்பாய்க்குப் புறப்பட்டார் என்பார்கள். காலியா, லாவோ என இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவும் ஏற்றிச் செல்ல முன்வந்தது.

1908-ல் வ.உ.சி. கைதானார். விதிக்கப்பட்ட தண்டனை 40 ஆண்டுகள்! மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் மாடு போல் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது, கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. வறுமை வாட்டியது. பிற்பாடு சன்னதைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியை மறவாமல், தன் மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயர் சூட்டினார் வ.உ.சி.

நிறைவுக் காலத்தில் சைவ சித்தாந்தத்தில் திளைத்தவர், 1935-ல் சிவஞான போதத்துக்கு உரை எழுதி வெளியிட்டார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் இறைவனடி சேர்ந்தார்.

மறைவதற்கு முன் அவர் எழுதிய உயில்தான் நம்மை நெகிழ வைக்கிறது. ஜவுளிக் கடை பாக்கி, எண்ணெய்க் கடை பாக்கி... என, தான் தர வேண்டிய சில்லறைக் கடன்களை அதில் குறித்து வைத்திருந்தார். 10 லட்ச ரூபாய் கம்பெனியை நடத்தியவரின் மனதை, வீட்டு எண்ணெய்க் கடன் உறுத்தியிருக்கிறது! ஊர்ப் பணத்தில் ஒட்டிக்கொள்ளாத கை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒட்டப்பிடாரத்தில் அவருக்கு நினைவு இல்லமும் உண்டு. அடுத்த முறை திருச்செந்தூர் செல்லும்போது, குழந்தைகளோடு அங்கேயும் போய் வாருங்கள். மகளிர் குழுவோ, கோயில் திருப்பணியோ... பொதுப் பணம் உங்கள் கைக்கு வரும்போதெல்லாம் அந்த எண்ணெய்க் கடை பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் சுத்தமாக இருப்பதும் சிவபூஜைதான்!