நாணலும் ஜானகி அம்மாளும்

நியூ ஜெர்சி டர்ன்பைக்கில் மெடோலாண்ட்ஸ் சதுப்பு நிலத்தைத் தாண்டும்போது, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு புல் பூத்து நிற்கும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதைப் பார்த்ததும் நாணல் என்றார். பின்சீட்டிலிருந்த மகள் போனில் தேடிப் பார்த்து, அது ஃபிராக்மைட்டிஸ், ஐரோப்பாவிலிருந்து வந்து ஊரை ஆக்கிரமித்த களை என்றாள். ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு ஜானகி அம்மாள் ஞாபகம் வந்தது.

நாணல் என்று நாம் பல புல்லைச் சொல்வோம். அதில் ஒன்று காட்டுக் கரும்பு, சக்காரம் ஸ்பான்டேனியம். அதை ஆராய்ந்தவர் அவர்.

1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். படிப்பு சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும். ஆசியர்கள் குடியேற முடியாதபடி அமெரிக்கா 1924-ல் சட்டம் போட்டது. கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் பார்பர் உதவித்தொகையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

1934-ல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம். இனிப்பான கரும்புக்கு நோயையும் வறட்சியையும் தாங்கும் வலுவைக் கொடுத்தது இந்தக் காட்டுப் புல்தான். அதன் குரோமோசோம்களை அவர் உட்கார்ந்து எண்ணினார். பெயர் ஒன்றுதான், ஆனால் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். 40-லிருந்து 128 வரை போகும் என்று இன்று தெரியும். அதாவது, எங்கே எடுத்த செடி என்று எழுதி வைக்காவிட்டால் எண்ணியது வீண்.

உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் நிலையத்தில் டார்லிங்டனோடு வேலை. பல நாட்டு ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்த குரோமோசோம் கணக்குகளை ஒன்று திரட்டினார்கள். செடியின் பெயர், எண்ணிக்கை, எண்ணியது யார் என்று எல்லாம் ஒரே அமைப்பில். 1945-ல் வந்த அந்த அட்லஸ், கம்ப்யூட்டர் இல்லாத காலத்து டேட்டாபேஸ். 1955-ல் விரிவான பதிப்பு வந்தபோது ஜானகியின் பெயர் இல்லை. டார்லிங்டனோடு வேறொருவர் பெயர். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

அதற்கு முன்பே, 1951-ல், நேரு அழைத்து நாடு திரும்பியிருந்தார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்கு. நம் செடிகளின் முக்கியமான மாதிரிகள் பலவும் லண்டன் கியூவில்தான் இருந்தன.

அட்லஸில் பெயர் போன அதே 1955-ல் அவர் இங்கே, நம்ம பிரின்ஸ்டனில் இருந்தார்! மனிதன் பூமியை எப்படி மாற்றினான் என்பது பற்றிய மாநாடு. அழைக்கப்பட்ட சுமார் 70 பேரில் ஒரே பெண். அவர் பேசியது இந்தியாவின் தற்சார்பு விவசாய வாழ்க்கை பற்றி. மனிதன் உயிரினங்களை ஊர்விட்டு ஊர் பரப்புவதைப் பற்றியும் அங்கே ஒரு கட்டுரை உண்டு.

மெடோலாண்ட்ஸ் புல்லுக்கு வருவோம். வட அமெரிக்காவுக்கே சொந்தமான ஃபிராக்மைட்டிஸும் உண்டு. வந்தேறி வகை வேறு என்று மரபணு மூலம் தெளிவானது 2002-ல்தான். அதற்கு முந்தைய பதிவுகளில் ரெண்டுக்கும் ஒரே பெயர். உலர்த்தி வைத்த மாதிரி இருந்தால் பிரிக்கலாம். வெறும் பட்டியல் என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

கோயம்புத்தூரில் கரும்புக்கு உயிர் கொடுத்த நாணலோ, அமெரிக்க மத்திய அரசின் தீங்குக் களைப் பட்டியலில் இருக்கிறது. டெக்சாஸ்காரர்களின் மெஸ்கீட் அங்கே மண்ணின் மரம்; அதன் நெருங்கிய சொந்தமான சீமைக் கருவேலம் ராமநாதபுரத்தை விழுங்கிவிட்டது. ரெண்டு நாட்டுப் பட்டியலையும் அப்படியே ஒட்டினால் எது நண்பன், எது எதிரி என்றே தெரியாது.

80 வயதைத் தாண்டியும் அமைதிப் பள்ளத்தாக்கு மரங்களின் குரோமோசோம்களை எண்ணும் வேலையில் இருந்தார் ஜானகி. 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் காலமானார். அதே வருஷம் நவம்பரில்தான் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

ஊருக்குப் போகும்போது ஆப்பில் செடி படம் ஏற்றுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாணல் என்று மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். எந்த ஊர், எந்த ஆற்றங்கரை, அங்கே அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.