காளிகாட் கண்ட கலைஞர் ஜாமினி ராய்

நம்மவர் குடும்பங்கள் நெருங்கி வாழும் லேக் மார்க்கெட்டிலிருந்து காளிகாட் ஆலயம் நடந்து செல்லும் தூரமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராமங்களிலிருந்து வந்து அங்கே குடியேறிய பட்டுவாக்கள், மலிவான காகிதத்தில் விரைந்து சித்திரம் தீட்டி யாத்திரிகர்களுக்குச் சொற்பக் காசுக்கு விற்று வந்தனர். தேவ தேவியர் மட்டுமல்லர். தபேலா வாசிக்கும் மாது, பிடில் ஏந்திய மங்கை, களியாட்டத்தில் மயங்கிய பாபு ஆகியோரும் அச்சித்திரங்களில் உண்டு. அச்சுப் படங்கள் பெருகவே, 1930 அளவில் அத்தொழில் நசித்தது. அக்கோடுகளின் அருமையை உணர்ந்து அவற்றைத் தம் கலைக்கு ஆதாரமாக்கிக்கொண்டவர் ஜாமினி ராய்.

அன்னார் 1887 ஏப்ரலில் பாங்குரா ஜில்லாவின் பேலியாதோர் கிராமத்தில் பிறந்தார். கரக்பூரிலிருந்து ஆத்ரா செல்லும் ரயில் பாதையில் பயணம் செய்த அன்பர்கள் அப்பக்கத்துச் செம்மண்ணை அறிவர். பதினாறாம் வயதில் கல்கத்தா அரசாங்கக் கலைப் பள்ளியில் சேர்ந்து மேனாட்டு முறையைக் கற்றார். செல்வந்தர்களின் உருவப் படங்களை வரைவதே ஜீவனமாயிற்று. கை நிறைய வேலை இருந்தது, மனம் நிறையவில்லை.

1920-களில் காளிகாட் சித்திரங்கள் அவரை ஆட்கொண்டன. தூரிகையின் ஒரே வீச்சில் ஒரு தோளும் இடையும் உருவாகும் வித்தையை அவற்றில் கண்டார். வருமானம் தந்த உருவப் படத் தொழிலைக் கைவிட்டார். வறுமை வீட்டினுள் புகுந்தது. குடும்பஸ்தர் ஒருவர் நடு வயதில் செய்த இத்துணிவை எளிதென எண்ணலாகாது. நாளடைவில் காளிகாட்டிலும் நகர வாடை மிகுந்துவிட்டதெனக் கருதி, தம் ஜில்லாவின் கிராமப் பட்டுவாக்களை நாடினார். நம் கதாகாலட்சேபத்தில் பாட்டும் கதையும் இணைவது போல, அவர்கள் படச்சுருளை விரித்துப் பாடிக்கொண்டே கதை சொல்பவர்கள்.

சீமைச் சாயங்களைத் தவிர்த்து மண், சுண்ணம், விளக்குக் கரி, புளியங்கொட்டைப் பசை ஆகியவற்றைக் கையாண்டார். சந்தால் முரசறைவோர், கைகோத்தாடும் மங்கையர், மிருதங்கமும் தாளமும் ஏந்திய கீர்த்தனக் குழுவினர், குழலூதும் கண்ணன் எனப் படத்துக்குப் படம் இசையே. முகங்களில் ஆரவாரமில்லை, வரிசையாய் நிற்கும் உடல்களின் வளைவிலேயே தாளக்கட்டு கேட்கிறது!

எளியோர் வீட்டிலும் சித்திரம் இருக்க வேண்டுமென்று, ஒரே படத்தைப் பலமுறை வரைந்து குறைந்த விலைக்கே விற்றார். மைந்தரும் உடன் உழைத்தனர். இதனைக் குறை கூறியவர் உண்டு. பட்டுவாக்களின் வழக்கம் அதுதானே!

1946-இல் லண்டனிலும், 1953-இல் நியூயார்க்கிலும் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. பத்மபூஷண் விருதும் வந்தது. பாலிகஞ்சில் தாம் கட்டிய இல்லத்தில் இறுதிவரை வரைந்துகொண்டிருந்தவர் 1972 ஏப்ரல் 24 அன்று காலமானார். 1976-இல் அரசாங்கம் அவர் படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்து, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. குமாஸ்தாவும் வாங்கத்தக்க விலைக்கு அவர் விற்ற படங்கள் இன்று ஏலத்தில் பல லட்சங்களுக்குப் போகின்றன.